1,300 கி.மீ., 2 மணி நேரம்... ஆனால், அடுத்த விமானம் அடுத்த மாதம்தான்! - அட்லான்டிக் நடுவே இரண்டு ஏர்போர்ட்களின் கதை

இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும். இடையில் எத்தனை கிலோமீட்டர், போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று நொடியில் சொல்லும் தளங்கள் நிறைய வந்துவிட்டன. அதில் ‘எச்.எல்.இ’ என்றும் ‘ஏ.எஸ்.ஐ’ என்றும் இரண்டு குறியீடுகளைத் தட்டிப் பாருங்கள். தூரம் சுமார் 1,300 கி.மீ., பறக்கும் நேரம் ஏறக்குறைய 2 மணி நேரம் என்று பதில் வரும்.

‘அவ்வளவுதானா... காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமே!’ என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். எச்.எல்.இ என்பது செயின்ட் ஹெலினா தீவு. ஏ.எஸ்.ஐ என்பது அசென்ஷன் தீவு. இரண்டும் தெற்கு அட்லான்டிக் பெருங்கடலின் நடுவே தனித்தனியாகக் கிடக்கும் பிரிட்டிஷ் தீவுகள். இவற்றுக்கு இடையே 2017-ல் தொடங்கப்பட்ட பயணிகள் விமானச் சேவை, மாதத்துக்கு ஒரே ஒரு முறை என்ற கணக்கில் அமைந்தது. இன்று விமானத்தைத் தவறவிட்டால், அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

கணினி சொல்லும் 2 மணி நேரத்துக்கும், ஒரு மனிதர் உண்மையில் போய்ச்சேரும் நேரத்துக்கும் இடையே என்னவெல்லாம் இருக்கிறது? இந்த இரண்டு தீவுகளைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

எங்கே இருக்கின்றன இந்தத் தீவுகள்?

உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே பாருங்கள். நீலம் மட்டும்தான் தெரியும். நன்றாகப் பெரிதாக்கினால் இரண்டு புள்ளிகள் தட்டுப்படும். கீழே இருப்பது செயின்ட் ஹெலினா. அதன் வடமேற்கில் இருப்பது அசென்ஷன்.

செயின்ட் ஹெலினாவின் பரப்பளவு சுமார் 122 சதுர கி.மீ.; மக்கள் தொகை சுமார் 4,400. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிட்டத்தட்ட 1,900 கி.மீ. தள்ளி இருக்கிறது. பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனை 1815-ல் பிரிட்டன் சிறைவைத்தது இங்கேதான். 1821-ல் அவர் இறந்ததும் இங்கேதான். ‘எங்கே வைத்தால் தப்பிக்க முடியாது?’ என்று யோசித்தவர்களுக்குக் கிடைத்த பதில் இந்தத் தீவு என்றால், அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

சுவாரஸ்யம் என்னவென்றால், அசென்ஷனில் பிரிட்டிஷ் கடற்படை முகாம் அமைத்ததும் அதே 1815-ல்தான். நெப்போலியனை மீட்க யாராவது கப்பலில் வந்தால், அவர்கள் அசென்ஷனைத் தளமாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்த முகாம். அன்று இரண்டு தீவுகளையும் சேர்த்துவைத்தது இந்தப் பாதுகாப்புக் கணக்குதான்.

சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கப்படும்வரை செயின்ட் ஹெலினா இவ்வளவு தனிமையில் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்த அந்தத் தீவு, மதராஸ் உள்ளிட்ட துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்து திரும்பும் கப்பல்கள் குடிநீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ளும் இடமாக இருந்தது. கால்வாய் வந்ததும் கப்பல்கள் வழியை மாற்றிக்கொண்டன. தீவு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனால், உலகத்திலிருந்து இன்னும் தூரமாகிவிட்டது.

1,300 கி.மீ. என்று எப்படிச் சொல்கிறார்கள்?

விமான நிலையங்களுக்கு இடையே தூரம் பார்க்க யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் கணக்கு.

ஓர் ஆரஞ்சுப் பழத்தில் இரண்டு புள்ளிகள் வைத்து, நூலை இழுத்துப் பிடியுங்கள். தோலை ஒட்டியபடி நூல் போகும் அந்தப் பாதைதான் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே மிகக் குறுகிய வழி. உருண்டையான பூமியில் விமானங்களின் தூரத்தையும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

செயின்ட் ஹெலினா விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 15.96 டிகிரியில் இருக்கிறது. அசென்ஷன் 7.97 டிகிரியில் இருக்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய 8 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கி.மீ. எனவே, தெற்கு-வடக்காக 888 கி.மீ.

அதேபோல கிழக்கு-மேற்காக இரண்டுக்கும் 8.75 டிகிரி வித்தியாசம். அந்தப் பகுதியில் ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 109 கி.மீ. என்பதால், இது 954 கி.மீ. இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். 888-ன் வர்க்கத்தையும் 954-ன் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1,303 வருகிறது. கணினி சொன்ன 1,300-க்கு மிக அருகில்!

இந்தத் தூரத்துக்கு இந்த எளிய கணக்கு பொருந்துகிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் என்றால், பூமியின் வளைவு காரணமாக விடை தவறிவிடும். அங்கே கோள வடிவக் கணக்குதான் சரி. ஒரு தளம் சொல்லும் தூரத்துக்கும் இன்னொரு தளம் சொல்வதற்கும் சில கிலோமீட்டர் வித்தியாசம் வருவதற்கும் காரணம் உண்டு. சில தளங்கள் ஊரின் மையத்திலிருந்து அளக்கும். சில ரன்வேயிலிருந்து அளக்கும். சில பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்ளும். சில, துருவங்களில் லேசாகத் தட்டையாக இருப்பதையும் கணக்கில் சேர்க்கும்.

2 மணி நேரம் எங்கிருந்து வந்தது?

தூரம் தெரிந்துவிட்டது. நேரம்? பயணிகள் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால், 1,300 கி.மீ.-ஐக் கடக்க 1 மணி 37 நிமிடம் ஆகும். ஆனால், கிளம்பிய நொடியிலேயே விமானம் அந்த வேகத்தைத் தொடுவதில்லை. ரன்வேக்கு நகர வேண்டும், மேலே ஏற வேண்டும், இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து 20 முதல் 30 நிமிடம் கூட்டிக்கொள்கிறார்கள். அப்படி வந்ததுதான் அந்த 2 மணி நேரம்.

காற்றும் இதில் கை வைக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து காற்று தள்ளினால், பறக்கும் நேரம் சுமார் 92 நிமிடமாகக் குறையும். அதே காற்று எதிரே வீசினால் 104 நிமிடமாகும். 12 நிமிட வித்தியாசம்தான் என்றாலும், நடுக்கடலில் பறக்கும் பைலட்டுக்கு அது எரிபொருள் கணக்கு.

கடிகாரத்தையும் மறக்கக் கூடாது. செயின்ட் ஹெலினாவிலும் அசென்ஷனிலும் ஒரே நேரம்தான். இரண்டும் லண்டனின் கிரீன்விச் நேரத்தைப் பின்பற்றுகின்றன. அதனால் குழப்பமில்லை. ஆனால், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் இவற்றைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கிருந்து 6 மணி நேரம் பயணம் செய்து செயின்ட் ஹெலினாவில் இறங்குபவரின் டிக்கெட்டில், புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் 4 மணி நேரம்தான் வித்தியாசம் இருக்கும். திரும்பும்போது அதே 2 மணி நேரம் கூடுதலாகத் தெரியும்.

5 நாள், 2 நாள், 2 மணி நேரம்!

இதே பாதையில் முன்பு எப்படிப் போனார்கள்? இயற்கையியல் அறிஞர் சார்லஸ் டார்வின், ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றித் திரும்பும் வழியில் 1836 ஜூலை 8-ம் தேதி செயின்ட் ஹெலினா வந்தார். 14-ம் தேதி அங்கிருந்து புறப்பட்ட கப்பல், 19-ம் தேதி அசென்ஷனை அடைந்தது. 5 நாள் பயணம். தென்கிழக்கிலிருந்து வீசும் பருவமில்லா நிலைக்காற்று பாய்மரத்தைத் தள்ளிக்கொடுக்கும் திசை அது. அப்படியிருந்தும் சராசரி வேகம் மணிக்கு 11 கி.மீ. அளவுதான். நிதானமாக சைக்கிள் மிதிக்கும் வேகம்!

அடுத்து வந்தது நீராவிக் காலம். அதன் பிறகு டீசல் கப்பல்கள். 1990 முதல் செயின்ட் ஹெலினா மக்களின் உயிர்நாடியாக இருந்தது ‘ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா’ என்ற கப்பல். கடிதம், அரிசி, மாவு, மருந்து, கார், பள்ளிப் புத்தகம், பயணிகள் என எல்லாம் அதில்தான் வந்தன. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து தீவுக்கு வர 5 நாள். தீவிலிருந்து அசென்ஷனுக்கு 2 நாள்.

5 நாள் என்பது 2 நாளாகி, 2 மணி நேரமாகியிருக்கிறது. அந்த 2 மணி நேரம் சாத்தியமாவதற்கு ஒரு விமான நிலையம் வேண்டும். அதைக் கட்டுவதுதான் பெரிய கதை.

பள்ளத்தாக்கை நிரப்பிக் கட்டிய ரன்வே

செயின்ட் ஹெலினா ஓர் எரிமலைத் தீவு. எங்கு பார்த்தாலும் செங்குத்தான மலையும் பள்ளத்தாக்கும்தான். விமானம் இறங்கும் அளவுக்குச் சமதளம் என்று பார்த்தால், கிழக்குக் கரையோரம் இருக்கும் ‘பிராஸ்பரஸ் பே’ சமவெளி ஒன்றுதான். அதுவும் போதவில்லை. அதனால் பக்கத்திலிருந்த ‘டிரை கட்’ என்ற பள்ளத்தாக்கையே நிரப்பினார்கள். அதற்குக் கொட்டிய பாறையும் மண்ணும் மட்டும் சுமார் 80 லட்சம் கன மீட்டர். மொத்தச் செலவு சுமார் 28.5 கோடி பவுண்டு. கொடுத்தது பிரிட்டிஷ் அரசு.

2016 மே மாதம் கோலாகலமாகத் திறப்பு விழா நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் ஒரு போயிங் 737-800 விமானம் சோதனைக்காக வந்தது. முதல் முயற்சியில் அதனால் இறங்க முடியவில்லை. மேலே எழும்பிச் சுற்றி வந்து, பிறகுதான் தரையைத் தொட்டது. காரணம், ‘விண்ட் ஷியர்’.

காற்றின் வேகமும் திசையும் குறுகிய தூரத்துக்குள் சட்டென்று மாறுவதைத்தான் விண்ட் ஷியர் என்கிறார்கள். ரன்வேயின் வடக்கு முனையை ஒட்டி உயரமான மலைமுகடும் செங்குத்துப் பாறையும் இருக்கின்றன. கடலிலிருந்து தடையில்லாமல் வரும் காற்று அவற்றில் மோதி மேலும் கீழுமாகச் சுழல்கிறது. இறங்கும் நேரத்தில் விமானம் குறைந்த வேகத்தில், தரைக்கு மிக அருகில் இருக்கும். அப்போது காற்று திடீரென மாறினால், சமாளிக்க நேரமும் இருக்காது, உயரமும் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தீவின் காற்று விசித்திரமானது என்று 1836-லேயே டார்வின் எழுதிவைத்திருக்கிறார். சுமார் 1,000 அடி ஆழமுள்ள செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்றபோது, சில கெஜம் தொலைவில் பறவைகள் பலத்த காற்றை எதிர்த்துப் போராடுவதையும், தான் நின்ற இடத்தில் காற்றே அசையாமல் இருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

திறப்பு விழா தள்ளிப்போனது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் ‘உலகிலேயே பயனில்லாத விமான நிலையம்’ என்று கிண்டலடித்தன. சின்ன விமானங்களும், நோயாளிகளை அழைத்துச்செல்லும் அவசர விமானங்களும் மட்டும் வந்துபோயின. 2017-ல் ஆர்.எம்.எஸ். கப்பல் பழுதாகிப் பயணிகள் தவித்தபோது, தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனத்தின் சிறிய ஜெட் ஒன்று மே மாதம் தீவில் இறங்கி அவர்களை ஏற்றிச்சென்றது. ‘பெரிய விமானம்தான் சரிப்படவில்லை, சின்ன விமானம் வரலாம்’ என்ற நம்பிக்கை வந்தது.

2017 அக்டோபர் 14 அன்று, ஏர்லிங்க்கின் எம்ப்ரேயர் 190 விமானம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நமீபியா வழியாக வந்து இறங்கியது. செயின்ட் ஹெலினாவின் முதல் வழக்கமான பயணிகள் விமானம் அதுதான். காற்றுக்காகவும் ரன்வே நீளத்துக்காகவும் எடையைக் குறைக்க வேண்டியிருந்ததால், எல்லா இருக்கைகளையும் விற்க முடியவில்லை.

நேராகப் போகாமல் ஏன் நின்று போக வேண்டும்?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செயின்ட் ஹெலினா சுமார் 3,700 கி.மீ. வழியில் நமீபியாவில் ஏன் நிற்க வேண்டும்?

மற்ற ஊர்களில் மழையோ மூடுபனியோ வந்து ரன்வே மூடப்பட்டால், பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். செயின்ட் ஹெலினாவுக்குப் பக்கத்து ஊரே கிடையாது. மிக அருகில் இருக்கும் விமான நிலையமே 1,300 கி.மீ. தள்ளி இருக்கும் அசென்ஷன்தான். நமீபியாவின் வால்விஸ் பே என்றால் சுமார் 2,260 கி.மீ. தீவுக்கு மேலே வந்த பிறகு மேகம் மறைத்து, காற்றும் ஒத்துழைக்காமல் போனால், அவ்வளவு தூரம் திரும்பிப் போகும் அளவுக்கு எரிபொருள் டேங்கில் இருந்தாக வேண்டும். அதனால்தான் நமீபியாவில் நிறுத்தி, டேங்கை நிரப்பிக்கொண்டு கடலைத் தாண்டுகிறார்கள்.

பயணிகளைப் பொறுத்தவரை, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடும் வாய்ப்பும் இந்தப் பயணத்தில் இருக்கிறது. தூரம் சொல்லும் எந்தத் தளமும் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

பறவையின் பெயரில் ஒரு விமான தளம்

அசென்ஷனின் கதை வேறு. அங்கே 1942-லேயே ரன்வே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, அட்லான்டிக்கைக் கடக்கும் ராணுவ விமானங்கள் நடுவில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அமெரிக்க ராணுவம் அதைக் கட்டியது. அந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் ஒரு வகை கடல் ஆலாப் பறவைக்கு உள்ளூரில் ‘வைட்அவேக்’ என்று பெயர். ஓயாமல் கத்தி யாரையும் தூங்கவிடாத பறவை என்று அர்த்தம். விமான தளத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1982-ல் ஃபாக்லாந்து போர் நடந்தபோது, பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்துதான் கிளம்பின. போக 6,000 கி.மீ.க்கு மேல், வர அதே அளவு. வானத்திலேயே பலமுறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 16 மணி நேரம் பறந்து திரும்பினார்கள். ராணுவம் நினைத்தால் எந்தத் தூரத்தையும் தாண்டிவிடும் என்பதற்கு அது உதாரணம். ஆனால், சாதாரணப் பயணிக்கு அந்த வசதி இல்லை.

2017 ஏப்ரலில் அசென்ஷன் ரன்வேயின் தளம் சேதமடைந்திருப்பது தெரியவந்தது. இங்கிலாந்துக்கும் ஃபாக்லாந்துக்கும் இடையே அங்கே நின்றுபோன பெரிய விமானங்கள் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு 2017 நவம்பரில் தொடங்கியதுதான், செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷனுக்கு மாதம் ஒரு விமானம். ரன்வேயைச் சீரமைத்து முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் காலகட்டத்தில் அசென்ஷனிலிருந்து பயணிகள் விமானத்தில் இங்கிலாந்து போக நினைத்தவர்களின் பாதையைப் பாருங்கள். நேராகப் போனால் சுமார் 6,750 கி.மீ. அதற்குப் பதிலாக, முதலில் தெற்கே செயின்ட் ஹெலினாவுக்கு 1,300 கி.மீ., அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு 3,700 கி.மீ., பிறகு லண்டனுக்கு 9,000 கி.மீ. மொத்தம் சுமார் 14,000 கி.மீ. வடக்கே இருக்கும் ஊருக்குப் போக, முதலில் தெற்கே போய், இரண்டு மடங்கு தூரம் சுற்றும் பயணம்!

குடும்பம் இங்கே... வேலை அங்கே!

இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு வலிக்கிறது? செயின்ட் ஹெலினா மக்கள் தங்களை ‘செயின்ட்ஸ்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். தீவில் வேலையும் குறைவு, சம்பளமும் குறைவு. அதனால் பல தலைமுறைகளாகவே அவர்கள் வெளியே போய்ச் சம்பாதிப்பவர்கள். அசென்ஷனில் இருக்கும் ராணுவ தளங்கள், தகவல் தொடர்பு நிலையங்கள், விண்வெளிக் கண்காணிப்பு நிலையம், அவற்றுக்கான சமையலறைகள், பணிமனைகள் ஆகியவற்றில் வேலைபார்ப்பவர்களில் பெரும்பகுதி செயின்ட்ஸ்தான்.

அசென்ஷனில் சுமார் 800 பேர் வசிக்கிறார்கள். ஆனால், அங்கே யாருக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது. வேலை ஒப்பந்தம் இருக்கும்வரைதான் தங்கலாம். முடிந்தால் கிளம்ப வேண்டும். சொந்த வீடு, பெற்றோர், வயதான காலத்தில் போய்ச்சேர வேண்டிய இடம் எல்லாம் 1,300 கி.மீ. தள்ளி செயின்ட் ஹெலினாவில் இருக்கும்.

இப்போது அந்த 2 மணி நேரத்தை அவர்கள் பக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் ஒரு விமானம்தான் என்றால், ஏதோ ஒரு நாளில் ஊரிலிருந்து அவசரச் செய்தி வரும்போது, அடுத்த விமானத்துக்குச் சராசரியாக 15 நாள் காத்திருக்க வேண்டும். நேற்றுதான் விமானம் போயிருந்தால், ஒரு மாதம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அப்படித்தான். அப்பா இறந்துவிட்டார் என்றாலும் அப்படித்தான். போகும் நேரம் 2 மணி. காத்திருக்கும் நேரம் 360 மணி, அல்லது 720 மணி.

திரும்புவதிலும் இதே சிக்கல். செயின்ட் ஹெலினாவிலிருந்து போய்த் திரும்பும் அதே விமானத்தில் ஏறவில்லை என்றால், அடுத்த மாதம்தான். விடுமுறை எடுப்பவர் விமானத்தின் தேதிக்கு ஏற்பவே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாமே காலண்டரில் விமானத்தின் நாளைப் பார்த்துத்தான்.

முன்பு இருந்த கப்பலில் இந்த மாதிரி நாள் கணக்கு பழகிப்போன ஒன்று. அந்தக் கப்பல் 2018 பிப்ரவரி 10 அன்று செயின்ட் ஹெலினாவிலிருந்து கடைசியாகப் புறப்பட்டது. வழியனுப்ப ஊரே திரண்டது. அதன் பிறகு விமானத்தை நம்பித்தான் பயணம் என்றாகிவிட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது அந்த வழக்கமான விமானமும் நின்றது. தனி ஏற்பாட்டில் வந்த விமானங்களை வைத்துத்தான் தீவு சமாளித்தது. 2022-ல்தான் வழக்கமான சேவை திரும்பியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விமான நிலையம் வந்த பிறகு, தீவில் சிகிச்சை தர முடியாத நோயாளியைச் சில மணி நேரத்தில் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோக முடிகிறது. முன்பு கப்பல் வரும்வரை காத்திருந்து, ஏறிய பிறகும் கேப் டவுன் போக 5 நாள் ஆகும். அந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்த 28.5 கோடி பவுண்டைக் குறை சொல்ல முடியாது என்று நினைக்கத் தோன்றும்.

2.7 கி.மீ. விமானப் பயணம்

தூரம் அல்ல, எத்தனை முறை விமானம் வருகிறது என்பதுதான் முக்கியம் என்பதற்கு நேர் எதிர் உதாரணம் ஒன்று பிரிட்டனிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாபா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். அவற்றின் விமான தளங்களுக்கு இடையே வெறும் 2.7 கி.மீ. உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான பயணிகள் விமானச் சேவை இதுதான். அட்டவணைப்படி 2 நிமிடம். காற்று கை கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறார்கள்.

பாபா வெஸ்ட்ரேயில் 100 பேருக்கும் குறைவாகவே வசிக்கிறார்கள். இருந்தும், 1967 முதல் 8 பேர் அமரும் சின்ன விமானம் வாரத்தின் பெரும்பாலான நாள்களில் வந்துபோகிறது. ஆசிரியர், மருத்துவர், மாணவர், நோயாளி எல்லோரும் பஸ் ஏறுவதுபோல அதில் ஏறுகிறார்கள். அதனால் 100 பேர்கூட இல்லாத அந்தத் தீவு, ‘ஒதுக்குப்புறம்’ என்று சொல்லும் அளவுக்குத் தனிமையில் இல்லை.

தொலைதூரத் தீவுக்கு டிக்கெட் போடுகிறீர்களா?

தூரத்தையும் நேரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், இந்த விஷயங்களையும் கவனியுங்கள்.

* வாரத்தில், மாதத்தில் எத்தனை விமானம் என்று முதலில் பாருங்கள். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பதே உண்மையான பயண நேரம்.

* காட்டப்படும் நேரம் நேரடி விமானத்துக்கானதா, அல்லது வெறும் கணக்கா என்று சரிபாருங்கள். நேரடிச் சேவையே இல்லாத ஊர்களுக்கும் தூரக் கணக்குத் தளங்கள் நேரம் சொல்லும்.

* புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரம். இரண்டையும் கழித்துப் பயண நேரம் பார்த்தால் தவறும்.

* வானிலையால் விமானம் திரும்பலாம், ஒரு நாள் தள்ளிப்போகலாம். அடுத்த விமானத்துக்கான டிக்கெட்டை நெருக்கமாகப் போடாதீர்கள். கையில் ஓரிரு நாள் இருப்பது நல்லது.

* தினமும் சாப்பிடும் மாத்திரைகளைத் தங்கும் நாள்களுக்கு மட்டும் எடுத்துச் செல்லாமல், கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் அவசர மருத்துவ விமானச் செலவு அடங்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

* அசென்ஷன் போன்ற இடங்களுக்கு டிக்கெட் மட்டும் போதாது. முன்அனுமதி வாங்க வேண்டும்.

மூன்றாவது தீவு

செயின்ட் ஹெலினா, அசென்ஷன் இரண்டும் நிர்வாக ரீதியாக ஒரே குடும்பம். இரண்டுக்கும் ஒரே ஆளுநர். அந்தக் குடும்பத்தில் மூன்றாவதாகவும் ஒரு தீவு இருக்கிறது. டிரிஸ்டன் டா குன்ஹா. செயின்ட் ஹெலினாவிலிருந்து தெற்கே சுமார் 2,430 கி.மீ. மக்கள் 250 பேருக்கும் குறைவு.

அங்கே விமான நிலையமே கிடையாது. கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரம் கப்பலில் போக வேண்டும். அந்தக் கப்பலும் ஆண்டுக்குச் சில முறைதான். கடல் கொந்தளித்தால், தீவு கண்ணுக்குத் தெரிந்தும் இறங்க முடியாமல் காத்திருக்க வேண்டும்.

விமான நிலையங்களுக்கு இடையே தூரம் சொல்லும் தளத்தில் டிரிஸ்டன் டா குன்ஹாவுக்கு ஒரு குறியீடுகூட இல்லை. அந்தத் தீவில் இருப்பவர்களிடம் கேட்டால், மாதம் ஒருமுறை வரும் 2 மணி நேர விமானம்கூடப் பெரிய வரம்தான்!